சமோவாப் பேச்சாளரும் எங்கள் அக்காவின் பரிசமும்

படத்தில் இருப்பவரின் பெயர் யாருக்கும் தெரியாது. படம் எடுத்த ஸ்டூடியோவின் பெயர் மட்டும் கீழ் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘பேச்சுத் தலைவர், சமோவா’. அவ்வளவுதான்.

நான் அவரைத் தேடிப் போகவில்லை. செர்டாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆள் தேடினார்கள். பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு மனு போட்டுக் காத்திருப்பவர்களைத்தான் இதற்கெல்லாம் கூப்பிடுவார்கள். நானும் அப்படி ஒருத்தி, அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிடும் ரகம். பிள்ளைகளுக்குத் திரையில் காட்ட முதலில் ஒரு நல்ல படம் வேண்டும் என்று தோன்றியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தும் அரசியல்வாதி வேண்டாம். இணையத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, ஏதோ ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் பழைய புகைப்படத் தொகுப்புக்குள் போய் விழுந்தேன். அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார்.

இடுப்பில் மரப்பட்டையில் செய்த துணி. மேலே சட்டை இல்லை. கழுத்தில் பல் மாலை. ஒரு கையில் கிட்டத்தட்ட அவர் உயரத்துக்கே ஒரு தடி. தென்னை நாரை முறுக்கிக் கட்டிய நீளக் குஞ்சம் ஒன்று தோளில் தொங்குகிறது. பின்னால் வரைந்த திரை. அதில் கல் படிக்கட்டும் பூந்தொட்டியும். அவருடைய தீவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் நம்மைப் பார்க்கவில்லை, கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் எதையோ பார்க்கிறார். வாய் இறுக்கி மூடியிருக்கிறது.

அன்று மதியம் முழுக்க அவரைப் பற்றியே படித்தேன். சமோவாவில் தலைவர்கள் இரண்டு வகையாம். ஒருவர் உட்கார்ந்திருப்பவர். இன்னொருவர் பேசுபவர். ஊர் கூடும்போது பெரிய தலைவர் வாயைத் திறக்க மாட்டார். அவருக்காகப் பேச்சுத் தலைவர் எழுந்து, தடியை ஊன்றி, குஞ்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பேசுவார். அவர் சொன்னால் பெரியவர் சொன்ன மாதிரி. இன்றைக்கு யார் பேசுவது என்பதற்கே பேச்சாளர்கள் தங்களுக்குள் முதலில் ஒரு வாதம் நடத்துவார்களாம். இதைப் படித்ததும் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. காரணம், எங்கள் வீட்டில் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த பிரச்சினையே அதுதான்: அக்காவின் பரிசத்தில் யார் பேசுவது?

அக்கா அலோர் ஸ்டாரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். மெர்கோங்கில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஊர் லூனாஸ். அவர்களுக்கு அங்கே மளிகைக் கடை. பையனும் அவளும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்த்தான் இரண்டு வீடும் பேச ஆரம்பித்தது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகும் நர்ஸ் வேலையை விடமாட்டேன். லூனாஸ் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் கடையில் கல்லாவில் உட்காரச் சொல்லக் கூடாது. பையன் போனில் சரி சரி என்றார். பையனுடைய அப்பாவோ, “மருமக வந்தா கடைக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம்” என்று தரகரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

“அவர அவங்க அப்பாகிட்ட சொல்லச் சொல்லுக்கா,” என்றேன்.

“அவரா? அவங்க அப்பா முன்னாடி அவரு இருமக்கூட மாட்டாருடி.”

எங்கள் பக்கத்தில் பரிசம் என்றால் வெறும் தட்டு மாற்றுவது இல்லை. பாயில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்வார்கள். வீட்டுக்கு ஒருவர் சபையைப் பார்த்துப் பேசுவார். எந்த ஊரிலிருந்து வந்தோம், எதற்கு வந்தோம், யாருடைய பிள்ளை, என்ன ஒப்பந்தம் என்று எல்லாம் அங்கே வாயால் சொல்லப்பட வேண்டும். சபையில் சொன்னது நிற்கும். சமையலறையில் சொன்னது, காடிக்குள் சீட்டில் உட்கார்ந்து சொன்னது, வாட்ஸ்அப்பில் சொன்னது எதுவும் நிற்காது. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே ஒரு பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பை முடிக்கலாம் என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். பிறகு கேட்டபோது அதே மாமியார், “எந்தச் சபையில சொன்னேன்?” என்றார். அந்தப் பெண் இப்போது கூலிமில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள்.

எங்களுக்கு அப்பா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா பக்கத்து ஆட்களும் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாம் அம்மாவின் தம்பிதான். மாமா செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். ஆனால் அவரை ஊர் அறிந்தது வேறு காரணத்துக்காக. பரிசம், கருமாதி, அண்ணன் தம்பிச் சண்டை, கோயில் கூட்டம், எங்கே சபை கூடினாலும் அவரை ஏற்றிப் போகக் காடி வரும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறுகிற தோரணையே தனி. தொண்டையைச் செருமினால் குழந்தைகள்கூட ஓடுவதை நிறுத்தும்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் பெரும்பாலும் தேறிவிட்டன. நாக்குதான் தடித்துப் போனது. வீட்டில் நாங்கள் பழகிவிட்டோம், எங்களுக்குப் புரியும். புதிதாகக் கேட்பவர்களுக்கு அது குடித்தவன் பேச்சு மாதிரியே இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் யாரையோ வாழ்த்தப் போக, பின் வரிசையில் ஒருவன், “தலைவரு இன்னைக்கு ஃபுல்லுலா” என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மாமா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அன்றோடு வெளியே வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்ன மலாய்க்காரப் பெண் ‘பா, தா, கா’ என்று சொல்லச் சொன்னதும், “ஒண்ணாம் வகுப்புக்கு நான் திரும்ப வரல” என்று எழுந்து வந்துவிட்டார்.

அக்காவின் பரிசம் என்றதும் மட்டும், “நான் பேசுவேன்” என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டிலிருந்து அடுத்த லோரோங், அடுத்த சந்துதான். அவர் வாசலில் நாற்காலி போட்டுக் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இவரப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டி, படத்தை விரலால் பெரிதாக்கினார். முகத்துக்குப் போகவில்லை. தோளுக்குப் போனார்.

“என்னா இது, லிடி துடப்பமா? பெருக்கப் போறாரா?”

“ஐயோ மாமா, அது தென்னை நாரு. பேசறவருக்கு மட்டும்தான் அது. இவருதான் அங்க சபையில பேசறவரு. தலைவரு உக்காந்திருப்பாரு, இவரு அவருக்காகப் பேசுவாரு.”

“ஏன், தலைவருக்கு வாய் கோணிக்கிச்சா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை, எனக்கு நிறுத்தத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் மதிப்பு அதிகம் மாமா, பேசாமல் இருப்பதுதான் பெருமை மாமா, நீங்கள் நடுவில் உட்காருங்கள், உங்களுக்காக நான் பேசுகிறேன் என்று கடகடவென்று கொட்டினேன்.

“நீயா? பொம்பளப்புள்ளயா?”

“ஏன், பள்ளிக்கூடத்துல பேசி வாங்கின கிண்ணத்தையெல்லாம் உங்க அலமாரியிலதான வெச்சிருக்கீங்க?”

“கிண்ணம் வேற, தட்டு வேற மருமகளே.” ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னார். “அங்க நீ தோத்தா அடுத்த வருசம் போட்டி இருக்கு.”

மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை முகத்தை.

“இவரு என்னா, பேசி முடிச்சிட்டாரா? இனிமேதான் பேசப் போறாரா?”

எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அப்படி யோசித்திருக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் பேசிய ஒரு மனிதரைப் பிடித்து நிறுத்தி, அசையாதே, வாயை மூடு என்று சொல்லி எடுத்த படம் அது. அந்தக் காலத்து கேமராவுக்கு அப்படித்தான் நிற்க வேண்டும். தடியின் கணுவைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அவர் பேசிய ஒரு வார்த்தை எங்கும் இல்லை. யாருக்காகப் பேசினார் என்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் போய் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வதற்கென்று இப்படிப் படங்கள் விற்றார்களாம். நானும் ஒரு சிலைடுக்காகத்தான் எடுத்தேன், பிறகு மாமாவை மடக்க எடுத்தேன். இது அப்போதே உறுத்தியது. உறுத்தினாலும் போனை உள்ளே வைக்கவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாடு. ஆரம்பிப்பது மாமா. நாக்கு சிக்கினால் மட்டும் நான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவருமே நினைத்தோம்; அக்காவிடம் மட்டும் சொன்னேன். “யாராவது சொன்னா சரி. அந்த ஒரு வார்த்தைய விட்டுடாதீங்க,” என்றாள்.

பரிசத்தன்று லூனாஸிலிருந்து ஒரு வேனும் இரண்டு காடியும் வந்தன. பழம், தேங்காய், புடவை, இனிப்பு என்று தட்டுகள் பாயில் வரிசையாக இறங்கின. அவர்கள் பக்கம் பேச வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெள்ளைச் சட்டை, விபூதி, பாலில் தேன் விட்ட குரல். அவர் வணக்கம் சொன்ன அழகிலேயே எங்கள் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் தலையாட்டினார்கள்.

மாமா நடுவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “சபையோருக்கு வணக்கம்” வந்தது. அடுத்து எங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. வாயின் ஓரம் நனைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனின் தொடையில் தட்டி, “காலையிலேயே ஏத்தியாச்சு போலலா” என்றான். மெல்லத்தான் சொன்னான். ஆனால் மாமா பேச்சுக்காக எல்லோரும் அமைதியாக இருந்த நேரம் அது.

மாமா நிறுத்தினார். கழுத்து சிவந்தது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கையை மட்டும் என் பக்கம் லேசாக அசைத்தார்.

நான் வந்தவர்களுக்குக் குடிக்கக் கலக்கிய சிராப் கிளாஸ்கள் நிறைந்த தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சமோவாக்காரர் தடியை ஊன்றி நின்றார். எனக்கு ஊன்ற ஒன்றும் இல்லை. தட்டை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

“சபையோருக்கு வணக்கம். எங்க மாமாவுக்குப் போன வருசம் பக்கவாதம் வந்துச்சு. அவரு குடிக்கிறவரு இல்ல. அவரு சொல்ல வந்தத அவரு அனுமதியோட நான் சொல்றேன்.”

“பொண்ணு வீட்ல ஆம்பளையே இல்லியா?” என்று ஓர் அத்தை சத்தமாகவே கேட்டார்.

“இருக்காரு அத்தை. நடுவுல உக்காந்திருக்காரு,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் படியாக அமைந்தது. ஏறினேன். குடும்பத்தைச் சொன்னேன், அக்கா படித்ததைச் சொன்னேன், இரவு பகல் பார்க்காமல் வேலை செய்து என்னைப் படிக்க வைத்ததைச் சொன்னேன். பிறகு அந்த வார்த்தை: “எங்க மாமா இந்தச் சபையில ஒண்ணு கேக்கறாரு. கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு நர்ஸ் வேலைக்குப் போவா. அதுக்கு மாப்பிள்ளை வீடு சரின்னு சபையில சொல்லணும்.”

ஆசிரியர் புன்னகைத்தார். பெண் என்பவள் வீட்டுக்கு விளக்கு என்றார். மருமகளாக அல்ல, மகளாக வருகிறாள் என்றார். மகளுக்கு எது நல்லதோ அதைத் தகப்பன் செய்ய மாட்டாரா என்றார். கேட்பதற்கு அவ்வளவு இதமாக இருந்தது. முடித்தபோது ஆம் என்றும் சொல்லியிருக்கவில்லை, இல்லை என்றும் சொல்லியிருக்கவில்லை. உடனே தட்டைத் தூக்கி மாமாவிடம் நீட்டினார்கள்.

மாமா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நீட்டிய கைகள் ஆட ஆரம்பித்தன. தேங்காய் வைத்த தட்டு, கனம். எங்கள் பக்கமே, “வாங்குங்கண்ணே, நேரம் போகுது” என்றது. அவர் அசையவில்லை. பையனின் அப்பா கடைசியில் சலிப்போடு உச்சுக்கொட்டி, “சரிலா, புள்ள பொறக்கற வரைக்கும் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அதுதான் முடிவு என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. மாமா என்னைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று, கண்ணாலேயே போதும் போதும் என்றாள். இவ்வளவு தூரம் கொண்டுவந்த கல்யாணம், உள்ளே வேகும் சாப்பாடு, வாசலில் எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கம் எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது. மாமாவுக்காகப் பேசுகிறேன் என்று முன்னால் வந்தவள் நான். மாமா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா நினைப்பது தெரிந்தது. அக்கா அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தது மாப்பிள்ளையை. பையன் பாயின் பின்னலை விரலால் நெருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க சொல்லுங்க,” என்றாள்.

பரிசத்தில் கல்யாணப் பெண்ணே பேசி நான் கேட்டதில்லை.

“எங்கிட்ட போன்ல சொன்னீங்களே. அத இங்க சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்தார். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “அப்பா சொன்னா சரிதான்,” என்றார்.

நீட்டியிருந்த தட்டின் விளிம்பில் மாமா விரலை வைத்து, தேங்காய் உருளாமல், மெதுவாக அவர்கள் பக்கமே தள்ளினார். அதற்கு விளக்கம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

அவர்கள் எழுந்த வேகத்தில் பாய் மடங்கியது. அந்த அத்தை போகிற போக்கில் என்னைப் பார்த்து, “வாய் நல்லா இருக்கு. வாழ்க்கை நல்லா இருக்கணுமே” என்றார். சமைத்த சாப்பாட்டைப் பாத்திரம் பாத்திரமாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

அம்மா பேசியது மறுநாள். துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: “அவ வேணும்னதைத்தான் நீ கேட்டியா? இல்ல, உனக்குப் பேசணும்னு இருந்துச்சா?”

அவள் மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன். ஆரம்பத்திலேயே நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், மாமா தடுமாறியபடியே தட்டை வாங்கியிருப்பாரோ, அக்கா லூனாஸில் எப்படியோ சமாளித்திருப்பாளோ என்று அந்த வாரம் முழுக்க ஓடியது. வேலைக்கு மனு போட்ட இடங்களிலிருந்து வந்த மின்னஞ்சல்களைக்கூடத் திறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம், பேச்சு என்பது தைரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே குரல் உள்ளுக்குப் போனது.

அக்காவைக் கேட்டுவிட வேண்டும் என்று மெர்கோங்குக்குப் போனேன். காலை வேலை முடிந்து வந்திருந்தாள். மேகியில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என் மேல கோவமாக்கா?”

“உன் மேல எதுக்கு? நான் கேட்டதைத்தான நீ சொன்ன.” கரண்டியை வைத்தாள். “பொதன்கிழமை அவரு வந்தாரு. சென்டர் வாசல்லயே காடியில உக்காந்திருந்தாரு.”

“என்னா சொன்னாரு?”

“அழுதாரு. அப்பாகிட்ட எப்படியாச்சும் பேசறேன், வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன், சத்தியமான்னாரு. எல்லாம் நல்லாத்தான் சொன்னாரு.” அடுப்பை அணைத்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. “காடிக்குள்ள எங்கிட்ட சொல்லாதீங்க, வேன்ல எல்லாரையும் ஏத்திட்டு வாங்க, எங்க மாமா முன்னாடி பாயில உக்காந்து சொல்லுங்கன்னுட்டேன். யோசிக்கறேன்னு போனாரு.”

“வருவாரா?”

“தெரியலடி,” என்று இரண்டு தட்டு எடுத்தாள். “சாப்பிடு. எனக்கு நாளைக்கும் காலை ஷிஃப்ட்.”